துப்பாக்கி இல்லாத வேன்

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலரின் முழங்கால் இறங்கியது; அவர் இறந்தார். அதன்பின் போலீஸுக்குப் போகும் பணம் அமெரிக்க நகரசபைகளில் பேச்சானது. ஆஸ்டின் சுமார் 15 கோடி டாலரை வேறு பக்கம் திருப்பத் தீர்மானித்தது. மறு ஆண்டே டெக்சஸ் மாநிலச் சட்டம் குறுக்கே வர, பணம் போலீஸுக்கே திரும்பியது. ‘போலீஸ் நிதியைக் குறை’ என்ற கோஷம்தான் மிச்சம்.

டென்வர் நகரமோ 2020 ஜூனிலேயே, சில அவசர அழைப்புகளுக்குப் போலீஸுக்குப் பதிலாகச் சத்தமில்லாமல் ஒரு வேனை அனுப்பியது. உள்ளே ஒரு மனநல ஆலோசகர், ஒரு மருத்துவ உதவியாளர். நடைபாதையில் தனக்குத்தானே கத்திக்கொண்டிருப்பவரிடம் தண்ணீர் பாட்டிலோடு போய்ப் பேச்சுக் கொடுப்பார்கள். முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள். ஒரு கைதுகூட இல்லை. அந்த வட்டாரங்களில் சில்லறைக் குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2022-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு சொன்னது. கொள்ளைக்கும் கத்திக்குத்துக்கும் போலீஸ்தான் போக வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால், 1989 முதல் இதே வேலையைச் செய்துவந்த யூஜின் நகரத்தின் ‘கஹூட்ஸ்’ சேவை, நிதி நெருக்கடியில் 2025 ஏப்ரலில் அங்கே நின்றுபோனது. ரோந்து வண்டிக்குப் பெட்ரோல் போட எந்த நகரமாவது உண்டியல் குலுக்கியதுண்டா? இந்த வேன்களுக்கும் பட்ஜெட்டில் ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும்.