வெளுத்த மட்கார்டும் வெளுத்த மருந்து டேங்கும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் வெட்டவெளியில் நிற்கும் டிராக்டர், மொபெட் ஆகியவற்றின் பிளாஸ்டிக் மட்கார்டுகள் சில கோடைகளிலேயே வெளுத்துவிடுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைச் சிதைப்பதே இதற்குக் காரணம்.

கழிவு ஆயிலைத் தடவிப் பளபளப்பாக்குவது பலருடைய வழக்கம். வீண் வேலை! எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி, துடைக்கும்போது மேலும் கீறல் விழும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோரங்களில் கேட்கவே வேண்டாம். முதலில் தண்ணீர் விட்டுப் புழுதியைக் கழுவிய பிறகே துணி படவேண்டும். வழவழப்பான மட்கார்டில் உள்ள மெல்லிய கீறல்களை 800, பின்னர் 1500 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடலாம். சொரசொரப்பான கறுப்பு மட்கார்டைத் தேய்க்கக்கூடாது. பாலிஷ் மட்டும் போதும். செலவு அதிகமில்லை.

ஆனால் இந்தக் கைவேலையை முதுகில் சுமக்கும் தெளிப்பானின் டேங்கில் காட்டக்கூடாது. வெளுத்து, தொட்டால் மாவுபோல் கையில் ஒட்டும் டேங்கு நொறுங்கத் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். மயிரிழை வெடிப்பில் கசியும் மருந்து சட்டையை நனைத்து, தோல் வழியே உடலில் இறங்கும். 2017-ல் பருத்திக்கு மருந்தடித்தோர் உயிரிழந்ததைப் பெரம்பலூர் மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். மருந்து உடலில் சேர்வது எத்தனை கொடியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வெடிப்பை உருக்கி ஒட்டுவதும் பசை வைத்து அடைப்பதும் சிக்கனம் ஆகாது.

அத்தகைய டேங்கை மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் பயன்படுத்தலாகாது. புதியதை வேலை முடிந்ததும் கழுவி, குழந்தைகள் கைக்கு எட்டாத நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும்.