பனிக்கு எந்த டயர் மாமா?

"மாப்ள, ஸ்ரீநகருக்கு லோடு கிடைச்சிருக்கு. ஜனவரியில போகணும்"னு மாமா சொன்னதும் என் கண்ணு முன்னாடி வந்தது டால் ஏரி. அவர் கண்ணு முன்னாடி வந்தது டயர்!

மாமாவோடது சொந்த லாரி, பத்து சக்கரம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வீட்டுத் திண்ணையில, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவுல கணக்குப் போட்டார். முன் டயர் ரெண்டும் தேஞ்சு போச்சு. புதுசு வாங்கினா, அவர் பொண்ணோட செமஸ்டர் ஃபீஸ் காலி. "கையில ரெண்டு ரீட்ரேட் கிடக்கு. அதையே முன்னாடி போட்டு ஓட்டிடவா?"

மெக்கானிக்கல் படிக்கிற மாப்பிள்ளை எதுக்கு இருக்கேன்? உட்கார்ந்தேன்.

முதல் சிக்கல், ரோடு. நம்ம ஊர் ஓரம் போற என்.எச். 48-ல ஏறி, கிருஷ்ணகிரியில என்.எச். 44-ஐப் பிடிச்சா நேரா ஸ்ரீநகர். ஆனா இங்கே கொதிக்கிற தார், அங்கே பனி. ரெண்டுக்கும் அதே டயர்!

ரப்பர் குளிர்ல விறைக்கும். விறைச்சா பிடிப்பு போச்சு. அதனால பனி டயருக்குன்னு குளிர்லயும் மிருதுவா இருக்கிற தனி ரப்பர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே அதுதான் ராஜா. பட்டன்ல நுணுக்கமா கீறல் வேற இருக்கும், அந்த விளிம்புகள்தான் பனியைக் கவ்வும். ஆனா அதே டயரை நாக்பூர் வெயில்ல ஓட்டினா, பென்சில் ரப்பர் மாதிரி தேஞ்சுடும். ரெண்டு நாள் பனிக்காக மொத்தப் பயணத்துக்கும் அதைப் போட முடியாது.

டயர் பக்கவாட்டுல 'எம்+எஸ்'னு இருந்தா சேறுக்கும் பனிக்கும்னு அர்த்தம். உடனே நம்பிடாதீங்க பாஸ். அது கம்பெனியே போட்டுக்கிற முத்திரை. மூணு சிகரம் உள்ள மலைக்குள்ள ஒரு பனிப்பூ படம் இருந்தாத்தான், பனியில ஓட்டிச் சோதிச்ச டயர். ஜெர்மனியில 2024 அக்டோபர்ல இருந்து, பனி ரோட்டுக்கு வெறும் எம்+எஸ் செல்லாது.

அப்போ மாமாவுக்கு என்ன வழி? முன்னாடி, நீளவாக்குல கோடு ஓடுற ரிப் டயர், புதுசு. பின்னாடி இன்ஜின் தள்ளுற சக்கரத்துக்கு, குறுக்கே வெட்டு உள்ள செமி லக். கூடவே இரும்புச் சங்கிலி. பனி கொட்டினா காஷ்மீர் போலீஸே 'சங்கிலி இல்லையா, நில்லு'ம்பாங்க. பனி ரோட்டுக்கு முன்னாடியே மாட்டணும், மெதுவா ஓட்டணும், தார் தெரிஞ்சதும் கழட்டணும்.

நம்ம சட்டத்துக்கு லாரி டயர்ல 1.6 மி.மீ. பள்ளம் இருந்தாப் போதும். பனிக்கு அது பத்தாது, 4 மி.மீ.யாவது வேணும். காத்தும் கவனம். இங்கே 30 டிகிரியில 110 பவுண்டு அடிச்சா, அங்கே மைனஸ்ல பத்து, பன்னிரண்டு பவுண்டு இறங்கியிருக்கும். அங்கே திரும்ப அளக்கணும். 'பனியில காத்தை இறக்கினா பிடிக்கும்'னு லோடு லாரியில விளையாடக் கூடாது. டயர் சூடாகி வெடிச்சுடும்.

"ரீட்ரேட்?"

"பின்னாடி ஜோடி சக்கரத்துல நல்ல ரீட்ரேட் போடலாம் மாமா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். முன்னாடி ஒத்தைச் சக்கரம். அது போனா ஸ்டீயரிங்கே போச்சு. தேர் திருவிழா பார்த்திருக்கீங்களே... தேரைத் திருப்புறதும் நிறுத்துறதும் முட்டுக்கட்டைதானே? இத்துப்போன கட்டையைப் போட்டுத் தேரை இழுப்பாங்களா?"

மாமா பேசல. உள்ளே இருந்து அவர் பொண்ணு வந்தா. "ஃபீஸுக்கு லேட் ஃபைன் இருக்குப்பா. கட்டிக்கலாம். டயருக்கு அது கிடையாது."

மறுநாள் ரெண்டு புது டயர் வந்துச்சு. பக்கவாட்டுல தேதி நம்பரையும் பார்த்தோம். கடைசி நாலு இலக்கம் 3224-னா, 2024-ம் வருஷம் 32-வது வாரம் செஞ்சது.

ஜனவரியில ஒரு ராத்திரி காசிகுண்ட்ல இருந்து போன். "மாப்ள, முன்னாடி ஒரு வண்டி சறுக்கிக் குறுக்கே நிக்குது. பிரேக் அடிச்சேன், நம்ம வண்டி நின்னுடுச்சு!"

ஃபீஸை ஃபைனோட கட்டிட்டு வந்தா அவர் பொண்ணு. ரசீதைப் பத்திரமா வெச்சிருக்கா.