கெட்டிக்காரக் குறிகள்

வேர்ட் செயலியில் ’83 ஜூலை என்று அடித்துப் பாருங்கள். 83இன் முன்னே நாம் இடுவது, 19 என்ற இலக்கங்களை விட்டிருக்கிறோம் என்று சொல்லும் அப்பொஸ்ரபி. அது ஒன்பதைப் போல வளைந்திருக்க வேண்டும். கணனியோ அதை ஆறைப் போலத் திருப்பி ‘83 என்று வைத்துவிடுகிறது. அதாவது மேற்கோள் ஒன்றைத் திறந்துவிடுகிறது, மூடுவதேயில்லை.

முன்னால் இடைவெளி இருந்தால் திறக்கும் குறி, எழுத்து இருந்தால் மூடும் குறி. அதற்குத் தெரிந்த விதி இவ்வளவுதான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்மார்ட் குவோட்ஸ், கெட்டிக்கார மேற்கோள்கள்!

ஒரு குறி திரும்பியதால் என்ன குடி முழுகிவிட்டது என்று எம்மவர் சிலர் கேட்கிறார்கள். ஒரு சொல்லை மேற்கோளுக்குள் வைப்பதென்றால் என்ன? இது இன்னொருவர் கூற்று, நாம் பொறுப்பல்ல என்பதுதானே? ஷார்ஜாவின் முவைலாவில் கோப்பை கழுவும் எங்களிடம் அகதி என்று காட்ட ஒரு தாளும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் அமீரகம் சேரவில்லை. தொழில் விசாவில் இருக்கிறோம். எங்களை அகதி என்று எவரேனும் எழுதினாலும் இரு குறிகளுக்கு நடுவில்தான் எழுதுவார்கள். ஆகவே குறி எங்கே திறக்கிறது என்பது எங்களுக்கு வெறும் அலங்காரச் சங்கதி அல்ல.

இந்தக் குறிகளுக்குத் தமிழ் முன்னரும் இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழ் ஆர்வலர்கள் உருவாக்கத் தொடங்கிய திஸ்கி குறியேற்றத்தில், ஆங்கிலத்துக்குப் போக எஞ்சியவை 128 இடங்கள். அவற்றுள் 145 முதல் 148 வரையான நான்கும் வளைந்த மேற்கோள்களுக்கே போயின. விண்டோஸ் அவற்றை அங்கேதான் வைத்திருந்தது. அங்கே தமிழெழுத்தை வைத்தால், மேற்கோள் அடிக்கும்போதெல்லாம் அந்த எழுத்து முளைத்துவிடும். ஆதலால் தமிழ் இலக்கமான ௫ 144இலும் ௬ 149இலும் நிற்க, நடுவில் இவை குந்திக்கொண்டன.

அன்று வேறு வழியில்லை. ஒருங்குறி வந்தபின் அந்த இடநெருக்கடி தீர்ந்துவிட்டது. இன்னும் ஏன் குனிந்து கொடுக்கிறோம்?

யார் சொன்னது, பேச்சு எங்கே முடிந்தது என்பதை அச்சும் குறியும் வருமுன்பே ‘என்று’ என்ற ஒரு சொல்லால் காட்டிய மொழி இது. அதற்கு இந்தக் கெட்டிக்காரன் இலக்கணம் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதுவோரும் இதழ் நடத்துவோரும் ஓட்டோ கரெக்ட் பகுதியிலுள்ள அந்தச் சரியடையாளத்தை நீக்கிவிடுங்கள். முடியாதெனில் 1983 என்று நான்கு இலக்கங்களையும் முழுதாக எழுதுங்கள். அந்த ஆண்டு எவருடைய கூற்றும் அல்ல, நடந்தது.