சலவைக்கல் தோற்றமும் கல் அறுப்பவரின் மூச்சும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குச் சமையல் மேடைக்கு எந்தக் கல் போடுவது என்பது சிறிய கேள்வியன்று. ஒரு காலத்தில் கடப்பாக் கல் போதுமாயிருந்தது. பின்னர் கறுப்பு கிரானைட் வந்தது. இப்போது சலவைக்கல் போலவே வெண்மையும் சாம்பல் நிற ரேகைகளும் கொண்ட குவார்ட்ஸ் பலகைகளை விரும்பிக் கேட்கிறார்கள். இலக்கியம் பேசும் இடத்தில் அடுப்படி மேடைக்கு என்ன வேலை என்று வாசகர் நினைக்கலாம். அசல், போலி என்று ஓயாமல் விவாதிக்கும் நமக்கு இதிலும் யோசிக்க ஒன்று இருக்கிறது.

இந்தப் பலகையைப் போலி என்று எள்ளி நகையாடுவது நம் போன்றோருக்கு எளிது. ஆனால் அது நியாயமன்று. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சும் சலவைக்கல்லின் வழவழப்பையே நாடியது. அதை நாம் கலை என்று போற்றுகிறோம். தவிரவும், அசல் சலவைக்கல் நம் சமையலுக்கு ஒத்துவராது. அது அடிப்படையில் கால்சியம் கார்பனேட். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து மங்கிவிடும். மஞ்சள் உள்ளே இறங்கிக் கறையாகும். குவார்ட்ஸ் பலகை புளிக்கு அஞ்சாது. கொதிக்கும் பாத்திரத்தை நேரே அதன்மேல் இறக்கி வைக்காமல் இருந்தால் நெடுநாள் உழைக்கும். நாளில் பாதியை அடுப்படியில் கழிக்கும் பெண்கள் அங்கே கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமென்று வெண்ணிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் குறைகாண நமக்கு உரிமையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பலகையில் ஏறத்தாழ 90 சதவீதம் குவார்ட்ஸ் துகளும் பொடியும்தான்; எஞ்சியது பாலியெஸ்டர் பிசினும் நிறமிகளும். காற்றை வெளியேற்றி, அதிரவைத்து, அழுத்தி, சூடேற்றி இறுகச் செய்கிறார்கள். இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் வளர்த்தெடுத்த இந்த முறையில் விசாகப்பட்டினம் அருகே அச்சுதாபுரத்திலும், ஐதராபாத் அருகிலும் ஆலைகள் இயங்குகின்றன. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. மேடையாகப் பதித்தபின் அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் கண்ணுக்குத் தெரியாத தூசுதான் நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்குகிறது. தழும்பேறிய நுரையீரல் மெல்ல விறைத்துப்போகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணமாக்க மருந்து கிடையாது.

கலிபோர்னியாவில் இத்தகைய கல்லை அறுத்துவந்த 52 நோயாளிகளைப் பற்றிய மருத்துவ ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களின் இடைநிலை வயது 45. ஏறக்குறைய அனைவரும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 10 பேர் இறந்துபோயினர். 3 பேருக்கு மாற்று நுரையீரல் பொருத்த நேர்ந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இக்கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் அறுக்கவும் பதிக்கவும் தடை விதித்தது. உலகில் இவ்வாறு தடைசெய்த முதல் நாடு அதுவே.

நம் ஊர்களில் இந்த வேலை பெரும்பாலும் வீட்டு வாசலில் நடக்கிறது. சிங்க் வைக்கவும் அடுப்பு பதிக்கவும் கைமெஷினால் உலர்வாக அறுக்கிறார்கள். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவே பாதுகாப்பு. அந்த நுண்தூசைத் துண்டு தடுக்காது. பின்னாளில் இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் காசநோய் என்று கருதி மருந்து கொடுப்பதும் நம் நாட்டில் அடிக்கடி நடப்பதுதான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் அந்தச் சட்டம் ஆலை மதிலுக்குள் இருப்பவரை நினைத்து எழுதப்பட்டது. நம் வாசலில் குந்தியிருப்பவரை அல்ல.

அப்படியானால் நம் மண்ணின் கல்லுக்கே திரும்பலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கல்வராயன் மலையின் சார்னோகைட் பாறையிலும் குவார்ட்ஸ் உண்டு. கிரானைட்டில் சிலிக்கா பொதுவாகப் பாதிக்கும் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு, இல்லாமல் போய்விடாது. தெருவில் அம்மி கொத்தியவரும் தூசைத்தான் சுவாசித்தார். ஆனால் உளி தெறிக்கவிட்ட சில்லுக்கும், சுழலும் தகடு கிளப்பும் மாவுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆகவே கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைவிட அதை எப்படி அறுத்தார்கள் என்பதே முதன்மையான கேள்வி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செதுக்கிய கைகளை எண்ணி மகிழ்ந்தோம். அதே ஊரில் கல்லை அறுக்கும் கைகளை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இருக்கும் கிரானைட் மேடை நன்றாயிருந்தால் அதை உடைக்காமல் விடுவதே முதல் நல்ல காரியம். புதிதாகப் போடுவதென்றால் கிரானைட்டையோ, சிலிக்கா குறைத்துச் செய்யப்படும் பலகையையோ கேட்டு வாங்கலாம். குவார்ட்ஸ்தான் வேண்டுமென்றால், வீட்டில் அளவு மட்டும் எடுக்கச் சொல்லி, சிங்க் துளை உட்பட எல்லா அறுப்பையும் பட்டறையில் நீர் பாய்ச்சிச் செய்யுமாறு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். வாசலில் சிறு திருத்தம் தேவைப்பட்டாலும் தண்ணீரும் முறையான முகக்கவசமும் இல்லாமல் மெஷினை ஓடவிடக்கூடாது. வழிந்த சேற்றை உலரவிடாமல் அள்ளிவிட வேண்டும். உலர்ந்தால் அது மறுபடியும் தூசுதான். இதற்கெல்லாம் கூலி சற்றுக் கூடும். கல்லின் நிறத்துக்காக இவ்வளவு செலவழிக்கும் நாம் அதையும் கொடுக்கலாம்.