நடந்திருந்தால் என்னும் கேள்வி

“அன்றே இந்த வசதி நமக்குக் கிடைத்திருந்தால்...” என்னும் ஏக்கச் சொல்லை நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மண்டபத்தில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் லயமே திரண்டு பாய் விரித்து அமர்ந்த காலத்தைப் பேசத் தொடங்குவோர், பேச்சின் முடிவில் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கின்றனர். அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அதில் உண்மையான வலி உண்டு.

ஆயினும் “நடந்திருந்தால்” என்னும் சொல்லுக்கு இரு பயன்கள் உள்ளன. பெருமூச்சு விட்டு அமைவது ஒன்று. எந்த இடத்தில் பாதை பிரிந்தது, யார் செய்த எந்தச் செயல் அதைத் திருப்பிவிட்டது என்று ஆராய்வது மற்றொன்று. முன்னது மனத்தைச் சோர்வடையச் செய்யும். பின்னது அறிவைக் கூர்மையாக்கும். நம் மாணவச் செல்வங்கள் இந்த இரண்டாவது வகைக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும் என்பதே நம் கருத்து. குழந்தைகளுக்கான தொலைக்காட்சியும் வீட்டுக் கணினியும் பிறந்து வளர்ந்த வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

முதலில் அமெரிக்காவைக் காண்போம். 1966ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஜோன் கான்ஸ் கூனி என்னும் அம்மையார் தம் வீட்டில் ஒரு விருந்தளித்தார். விருந்தினருள் ஒருவரான லாயிட் மோரிசெட் தம் சிறு மகளைப் பற்றிக் குறிப்பிட்டார். அக்குழந்தை விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சிகள் தொடங்குமுன் திரையில் தோன்றும் அசையாத சோதனைப் படத்தையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்குமாம். இவ்வளவு ஈர்ப்புள்ள பெட்டி குழந்தைக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பிக்காதா என்னும் கேள்வி அங்கே பிறந்தது. அதன் விளைவாக 1969 நவம்பர் 10ஆம் நாள் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் நிகழ்ச்சி ஒளியேறியது. பள்ளிக்குச் செல்லுமுன்னரே பின்தங்கிவிடும் ஏழைக் குழந்தைகளை முன்னேற்றுவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகும்.

அத்தந்தை, “பிள்ளைக்கு வேறு வேலையில்லை” என்று சொல்லிப் பெட்டியை அடைத்திருந்தால்? அந்த நிகழ்ச்சி தோன்றாமலே போயிருக்கக்கூடும். குழந்தையின் செயலைக் குற்றமாகக் காணாது குறிப்பாகக் கண்டவர் ஒருவர் இருந்ததால் ஒரு வழி திறந்தது.

இனிப் பிரிட்டனுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய ஒரு விவரணப் படம், நுண்செயலி என்னும் சிறு சில்லு எத்தனையோ தொழில்களை மாற்றிவிடும் என்று எடுத்துக்காட்டி நாட்டையே எண்ணச் செய்தது. “மக்கள் கணினியை அறிந்தாக வேண்டும், அறிவதற்குக் கையால் தொட்டு இயக்க வேண்டும்” என்னும் முடிவுக்கு அந்நிறுவனம் வந்தது. தொலைக்காட்சித் தொடர், பாடநூல், அவற்றோடு பொருந்தும் ஒரு கணினி ஆகியவற்றை ஒன்றுசேர்த்து மக்களுக்கு வழங்கத் திட்டம் தீட்டப்பட்டது.

அதற்கென முதலில் கருதப்பட்ட பொறி, நியூபரி என்னும் நிறுவனத்தின் ‘நியூபிரெய்ன்’ ஆகும். அது உரிய காலத்தில் அணியமாகாது என்று தெரிந்தபின், பி.பி.சி. வேறு நிறுவனங்களை நாடியது. கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏக்கார்ன் என்னும் சிறு நிறுவனமும் அவற்றுள் ஒன்று. 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, வெள்ளிக்கிழமை பி.பி.சி. அலுவலர்கள் பார்வையிட வருவர் என்ற நிலை. நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹெர்மன் ஹவுசர், சோஃபி வில்சனிடம், “ஸ்டீவ் ஃபர்பர் முடியும் என்கிறார்” என்றும், ஃபர்பரிடம், “வில்சன் முடியும் என்கிறார்” என்றும் தனித்தனியே சொல்லி இருவரையும் இசையச் செய்தார். இரவு பகலாக உழைத்த அக்குழுவினரின் மாதிரிப் பொறி வெள்ளிக்கிழமை காலையில்தான் உயிர்பெற்று இயங்கியது. ஒப்பந்தம் அவர்களுக்கே கிடைத்தது.

‘பி.பி.சி. மைக்ரோ’ என்னும் அக்கணினி 1981 டிசம்பரில் வெளிவந்தது. அதனையொட்டிய பத்துப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் 1982 ஜனவரி 11ஆம் நாள் தொடங்கியது. ஏறத்தாழ 12,000 பொறிகள் விற்பனையாகும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் இறுதியில் விற்றவையோ பதினைந்து இலட்சத்தையும் கடந்தன.

இங்கே நாம் மூன்று கேள்விகளை எழுப்புவோம்.

முதற்கேள்வி: அந்த வெள்ளிக்கிழமை காலையில் பொறி இயங்காதிருந்தால்? வேறொரு நிறுவனத்துக்கு வாய்ப்புச் சென்றிருக்கும். ஏக்கார்ன் குழுவினர் ஐந்தே நாளில் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்தனர் என்று எண்ணிவிடலாகாது. ‘புரோட்டான்’ என்னும் பெயரில் தங்களது அடுத்த கணினிக்கான எண்ணங்களை அவர்கள் முன்னரே தீட்டி வைத்திருந்தனர். ஐந்து நாள் வெற்றிக்குப் பின்னால் பல மாத ஆயத்தம் இருந்தது. உளியை முதல்நாளே தீட்டி வைத்தவருக்கே விடியற்காலைப் பால்வெட்டு எளிதாகும் என்பதை நம் பெற்றோர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: பிரிட்டிஷ் அரசு உதவாதிருந்தால்? பி.பி.சி. மைக்ரோவின் உயர்ந்த வகை விரைவிலேயே 399 பவுண்டு ஆயிற்று. அதே 1981ஆம் ஆண்டு சின்கிளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்.எக்ஸ். 81 என்னும் சிறு கணினியின் விலை 69.95 பவுண்டு மட்டுமே. அதன் நினைவகமும் ஒரு கிலோபைட்டுதான். தொழிலாளர் இல்லம் எதனை வாங்கியிருக்கும் என்பது வெளிப்படை. ஆனால் அரசு, பள்ளிகள் வாங்கும் கணினியின் விலையில் பாதியைத் தானே ஏற்றது. 1981இல் இடைநிலைப் பள்ளிகளிலும் 1982இல் தொடக்கப் பள்ளிகளிலும் அத்திட்டம் தொடங்கியது. ஆகவே, வீட்டில் கணினி காணாத பிள்ளையும் பள்ளியில் அதன் விசைகளைத் தொட்டது. அந்த உதவி இல்லையேல், வசதியுள்ளோர் பிள்ளைகள் கணினியை இயக்க, ஏனையோர் அதனைத் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருப்பர். தனிமனித முயற்சி ஒன்றே போதும் என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயத்தமும் வேண்டும், சமமான வாய்ப்பும் வேண்டும்.

மூன்றாம் கேள்வி சற்று வியப்பானது. 1980களில் பி.பி.சி. தன் தொலைக்காட்சி அலைகளின் வழியே கணினி நிரல்களையும் அனுப்பியது. உரிய இணைப்புக் கருவி இருந்தால், ஒளிபரப்பாகும் நிரலைக் கணினியில் இறக்கி இயக்கலாம். இம்முறை உலகெங்கும் பரவியிருந்தால்? தொலைக்காட்சி என்பது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டி என்னும் எண்ணமே மாறியிருக்கும். வானிலிருந்து வரும் நிரலைப் பிள்ளைகள் இறக்கி, திருத்தி, தமதாக்கிக்கொள்ளும் பழக்கம் வளர்ந்திருக்கும். ஆனால் பெரும்பாலான நாடுகளில் அப்பாதை திறக்கவே இல்லை. பார்ப்பது ஒரு பெட்டி, செய்வது மற்றொரு பெட்டி என்றே அமைந்தது.

ஏக்கார்ன் நிறுவனத்தின் கதை அங்கே முடியவில்லை. வில்சனும் ஃபர்பரும் வடிவமைத்த ‘ஆர்ம்’ என்னும் செயலி 1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. இன்று உலகின் கைப்பேசிகள் ஏறக்குறைய அனைத்தும் அந்த வடிவமைப்பின் வழிவந்த செயலிகளைக் கொண்டே இயங்குகின்றன. அந்தக் கணினி பிறக்காதிருந்தால் கைப்பேசியே இராது என்று நாம் சொல்ல வரவில்லை. வேறொரு செயலி அவ்விடத்தைப் பிடித்திருக்கும். எனினும், பிள்ளைகள் கணினி கற்க வேண்டும் என்று எழுந்த ஒரு திட்டத்தின் வழித்தோன்றல் நம் சட்டைப் பையில் இருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்க உண்மையாகும்.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாளில் நம்மிடம் பெட்டி இல்லை, மின்சாரம் இல்லை என்னும் குறைகள் பல தோட்டங்களில் இருந்தன. 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளிகள் மூடப்பட்டபோதும், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய இல்லங்களை நாம் அறிவோம். அப்பா வேலையினின்று திரும்பிய பிறகே பாடம் திறந்த பிள்ளைகளும் உண்டு. அக்குறை முற்றும் தீர்ந்துவிட்டது என நாம் கூறவில்லை.

ஆனால் இன்று அதனினும் பெரியதொரு குறையைக் காண்கிறோம். கைப்பேசி கிடைத்த பிள்ளை அதனைக் கொண்டு என்ன செய்கிறது? பார்க்கிறது, விரலால் தள்ளுகிறது, மீண்டும் பார்க்கிறது. 1982இல் பி.பி.சி. மைக்ரோவின் முன் அமர்ந்த பிள்ளைக்கு, அதன் நினைவகம் 32 கிலோபைட்டே ஆயினும், அதனிடம் ஏதேனும் சொல்லியாக வேண்டியிருந்தது. சொல்லாவிடில் அது வாளாவிருக்கும். கணினி குழந்தையை ஆட்டுவிப்பதா, குழந்தை கணினியை ஆட்டுவிப்பதா என்று அறிஞர் சேமூர் பேப்பர்ட் 1980ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து நூல் எழுதினார். அவர் விரும்பியது இரண்டாவதையே. நம் இல்லங்களில் நடப்பதோ முதலாவது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நம் பிள்ளைகள், “அன்று எங்கள் கையில் அந்தக் கருவி இருந்தது, யாரேனும் அதனை ஆளக் கற்பித்திருந்தால்...” என்று பெருமூச்சு விடக்கூடாது. கருவி இல்லாத ஏக்கத்தினும், கருவி இருந்தும் ஆளத் தெரியாத ஏக்கம் கொடியது.

ஆகவே நாம் சிலவற்றை வேண்டுகிறோம். பள்ளியின் கணினி அறை பூட்டிய அறையாக இராது, வாரத்தில் இரண்டு பிற்பகல்களேனும் திறந்திருக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே முதலிடம் தர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகப் பணம் ஒதுக்கி, 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை, 2016இல் பிரிட்டிஷ் மாணவர்க்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட் போன்ற சிறு கணினிகளை வாங்க முயலலாம். 2007இல் வெளிவந்த ‘ஸ்கிராட்ச்’ இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பிள்ளைகள் தம் குரலைப் பதிந்து ஒரு தமிழ்க் கதையைப் படங்களோடு நடமாடச் செய்யலாம்.

பெற்றோர்களே! நிரல் எழுதத் தங்களுக்குத் தெரியாதே என்று தயங்க வேண்டா. இரவில் பிள்ளையை அருகில் அழைத்து, “இன்று என்ன பார்த்தாய்?” என்பதற்கு மாறாக, “இன்று என்ன செய்தாய் கண்ணு?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு மின்சாரமும் வேண்டா, பணமும் வேண்டா. சோதனைப் படத்தைப் பார்த்திருந்த குழந்தையைக் கவனித்த அந்தத் தந்தை செய்ததும் அதுபோன்ற சிறு செயலே.

மாணவர்களே! வரலாறு முன்னரே எழுதி முடிக்கப்பட்ட ஏடு அன்று. ஒரு திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இடையே அது திரும்பியதைக் கண்டோம். உங்கள் திங்கட்கிழமை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல இயலாது. அது வரும் நாளில் நீங்கள் அணியமாக இருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பை அமைத்துத் தருவது பெரியவர்களாகிய நம் கடமை.