காசு கொடுத்து வாங்குற மாட்டுக்குப் பல்லைப் பாரு

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். மும்முனை கரண்ட் வரட்டும்னு கிணத்து மேட்டுல உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிற அண்ணன் மகன்கிட்டருந்து போன்.

"சித்தப்பா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பார்த்திருக்கேன். ரெண்டு சீட்டு. பன்னெண்டு வருசம் ஓடின வண்டி. விலை படியுது. ஆனா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிஞ்சு போகும்னு படிச்சேன். அதுலருந்து தூக்கமே வரல."

கம்பெனி பெயரைச் சொன்னான். அது இங்கே வேண்டாம். வெளிநாட்டு வண்டி, புதுசா வாங்கணும்னா நான் விஸ்வநத்தத்தில் இருக்கிற கரிசலை எல்லாம் வித்தாலும் முன்சக்கரம் மட்டும்தான் வரும். பக்கத்துல இருந்து கேட்ட என் வீட்டுக்காரி, "ரெண்டு சீட்டுன்னா அவங்க அம்மா எங்க உட்காருவா?" என்று கேட்டாள். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அவன் என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை. எங்க குடும்பத்தில் மேனிஃபோல்டால் மானம் போன ஆள் நான் ஒருத்தன்தான்.

பட்டணத்து நண்பர்களுக்காக முதலில் அது என்னன்னு சொல்லிடறேன். இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் எரிச்சு முடிச்ச புகையை ஒரு ஓட்டை வழியா வெளியே தள்ளும். நாலு சிலிண்டர்னா நாலு ஓட்டை. அந்த நாலையும் கை கோத்து ஒரே குழாயாக்கி சைலன்சருக்கு அனுப்புற உறுப்புதான் மேனிஃபோல்டு. டிராக்டரில் அது கனமான வார்ப்பிரும்பு. ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் வளைச்சு வளைச்சு ஒட்டின ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். வண்டியிலேயே அதிகமா வேகுற இடம் அதுதான். மலை ஏத்தத்துல பாரம் இழுக்கிற டிராக்டரை ராத்திரியில் பாருங்க, மேனிஃபோல்டு அடுப்புக் கரி மாதிரி மங்கலா சிவந்து தெரியும்.

இரும்பு சூடானா நீளும், ஆறினா சுருங்கும். ஒன்றரை அடி நீளத்து வார்ப்பிரும்பு 600 டிகிரி சூடு ஏறினா ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் அதிகமா, 5 மில்லிமீட்டர் வரை போகும். அதை இறுக்கிப் பிடிச்சிருக்கிற சிலிண்டர் ஹெட் தண்ணீரால குளிர்ந்துக்கிட்டே இருக்கும், அது அவ்வளவு நீளாது. ஒண்ணு இழுக்கும், இன்னொண்ணு விடாது. தினம் காலையில நீண்டு, சாயங்காலம் சுருங்கி, இப்படிப் பத்து வருசம் போனா ஏதாவது ஒண்ணு தோற்கும். ஸ்டட் ஒடியும், கேஸ்கட் கருகும், இல்லேன்னா மேனிஃபோல்டே விரியும்.

இனி என் கதை.

சில வருசம் முன்னால பழைய டிராக்டர் ஒண்ணு வாங்கினேன். சிவகாசிக்காரனுக்குப் பழைய மிஷின் ஒண்ணும் புதுசில்லை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஓடிக் கழிச்ச ஆஃப்செட் மிஷினைக் கொண்டு வந்து, காலண்டர் அடிச்சுப் பிழைச்ச ஊர். பழசுன்னா பயம் கிடையாது, அந்தத் திமிர் எனக்கும் இருந்தது. தரகர் சொன்ன தோட்டத்துக்குப் பதினோரு மணிக்குப் போனேன். புது பெயின்ட், புது சீட், டயரில் கறுப்புப் பாலிஷ். சாவியைத் திருப்பினதும் பொத்துன்னு பத்திக்கிச்சு. பானெட்டுல கை வச்சேன், வெதுவெதுன்னு இருந்தது. "உங்களுக்காகக் காலையிலயே எடுத்து ஓட்டிப் பார்த்து வச்சிருக்கேன்" என்றார் விற்றவர். என்ன மரியாதைன்னு நினைச்சேன். பேரம் பேசறதுக்கே கூச்சமா இருந்தது.

மறுநாள் விடியக்காலை வீட்டுல ஸ்டார்ட் பண்ணினா "டிக் டிக் டிக்"னு ஒரு சத்தம். சுவர்க் கடிகாரத்தை இஞ்சினுக்குள்ள போட்ட மாதிரி. பத்து நிமிசத்துல நின்னுபோச்சு. அடுத்த நாளும் அப்படித்தான். விரிசல் குளிர்ந்திருக்கும்போது வாய் திறந்திருக்கும், சூடேறி இரும்பு நீண்டா மூடிக்கும் என்பது எனக்கு அப்போ தெரியாது. அந்த மனுசன் காலையில ஓட்டி வச்சது எனக்குச் செஞ்ச மரியாதை இல்லை, விரிசலுக்குப் போட்ட போர்வை.

சத்தம்தானே, உழைக்குதேன்னு விட்டுட்டேன். ஒரு தென்னந்தோப்புக்கு டேங்கரில் தண்ணி அடிக்கிற வேலை கிடைச்சது. போற பாதை ஒரு பட்டாசு ஆலையோட வேலியை ஒட்டிப் போகும். மூணு வாரம் போய் வந்தேன். ஒருநாள் மசங்கின நேரம், ஆலை வாட்ச்மேன் தலைத்துண்டை வீசிக்கிட்டு ஓடி வர்றார்.

"அண்ணாச்சி! ஆஃப் பண்ணுங்க! அங்கேயே ஆஃப் பண்ணுங்க!"

இறங்கிப் பார்க்கிறதுக்குள்ள அவரே கையைக் காட்டினார். பகல் வெளிச்சத்துல தெரியாதது இருட்டுல தெரிஞ்சிருக்கு. பானெட் இடுக்கு வழியா நாக்கு நாக்கா நெருப்பு எட்டிப் பார்த்ததாம், கரித்துணுக்கு சிவந்து சிவந்து கீழே உதிர்ந்ததாம். சைலன்சர் வரைக்கும் போய் ஆற வேண்டிய நெருப்பு விரிசல் வழியா நேரா வெளிய வந்திருக்கு.

"உள்ள வர்றவங்க செல்போனையே வாங்கி வச்சுட்டுத்தான் விடறோம். நீங்க அடுப்பையே ஓட்டிக்கிட்டு வர்றீங்க" என்றார்.

எங்க பக்கம் பட்டாசு ஆலை எப்படி நடக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தச் சொல்லோட கனம் தெரியும். மருந்து இருக்கிற அறைக்குள்ள நுழையும்போது உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கட்டும்னு செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போவாங்க. இரும்புச் சாமான் கூடாது, பித்தளை, மரம்தான். பெட்ரோல் டேங்கர் லாரியைப் பார்த்திருப்பீங்க, அதோட சைலன்சர் பின்னால இருக்காது, முன்னாலயே முடிஞ்சிடும், வாயில பொறியைப் பிடிக்கிற வலையும் இருக்கும். இதெல்லாம் ஒரு பொறிக்காக. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் எழுந்த புகையை எங்க ஊர்லருந்து பார்த்தவன் நான். அதற்குக் காரணம் வேறு. ஆனால் அந்தப் புகையைப் பார்த்தவன் இப்படி ஒரு வண்டியை வேலி ஓரமா மூணு வாரம் ஓட்டியிருக்கக் கூடாது. அன்னைக்கு அந்த ஆலைக்குள்ள திரி வெட்டிக்கிட்டிருந்தவங்கள்ல என் கொழுந்தியாளும் ஒருத்தி.

வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்து வந்தேன். பட்டறையில காட்டினப்போ, "அண்ணாச்சி, இதைப் பத்த வச்சுத் தர்றேன், செலவு கம்மி" என்றார் மெக்கானிக். வார்ப்பிரும்பைச் சும்மா பத்த வைக்கக் கூடாது. மொத்தத்தையும் சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, சாம்பலில் புதைச்சு மெதுவா ஆற வைக்கணும். அவர் அவசரத்துல வச்சார், இருபது நாளில் பத்த வச்ச இடத்துக்குப் பக்கத்துலயே மறுபடியும் விரிஞ்சது. கடைசியில் புது மேனிஃபோல்டு, புது ஸ்டட், புது கேஸ்கட், உட்காருற முகத்தை லேத்துல சமப்படுத்தினதுன்னு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம். முதல் நாளே செஞ்சிருந்தா பத்த வச்ச காசு மிச்சம்.

அதனால் அண்ணன் மகனுக்கு நான் சொன்னது இதுதான்: மேனிஃபோல்டு விரியும்னு பயப்படாதே. அது தேயுற சாமான். மாட்டுக்கு லாடம் தேயுதுன்னு யாராவது மாடு வாங்காம இருக்காங்களா? லாடத்துக்கு ஆகிற காசை விலையில கழிச்சுக்கோ. நீ பயப்பட வேண்டியது, நீ போறதுக்கு முன்னாலயே சூடாக்கி வச்சிருக்கிற இஞ்சினுக்கு.

அவன் ஒத்துக்கலை. "சித்தப்பா, டிராக்டர்ல ஒன்பதாயிரம். இதுல லட்சத்துல வரும்" என்றான். அதுவும் சரிதான். அவன் சொல்லித்தான் ஃபெராரி 355 பற்றித் தெரிஞ்சுக்கிட்டேன். 1994-லிருந்து 1999 வரை வந்த வண்டி, மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர், நாற்பது வால்வு. அதோட மேனிஃபோல்டு விரியறது உலகம் பூரா பேர் போன வியாதி. குழாய்க்கு மேல இன்னொரு உறை இருக்கிறதால, உள்ளே விரிஞ்சாலும் வெளியே தெரியாது. வெப்பம் வெளியேற வழி கெட்டுப் போய் வால்வு கைடு வரைக்கும் சேதம் போகுமாம். அந்த வண்டியை வாங்குறவன் இஞ்சினை விட மேனிஃபோல்டைப் பற்றித்தான் முதலில் கேட்பானாம். அவ்வளவு விலை கொடுத்து வாங்குறவனுக்கும் எனக்கும் ஒரே கவலைன்னு நினைச்சா ஒரு ஆறுதல்தான்.

காரில் வேற தொல்லைகளும் உண்டு. புகை வெளிய போற விரிசல் வழியா இடையிடையே காத்து உள்ளேயும் இழுக்கும். அங்கே இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் பத்தலைன்னு தப்பா எண்ணி இன்னும் ஊத்தச் சொல்லும். மைலேஜ் போகும், மஞ்சள் விளக்கு எரியும். இதைவிட முக்கியமா, டிராக்டர் திறந்த வண்டி, புகை காத்தோட போயிடும். கண்ணாடி ஏத்தின காரில் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தா வாசனையே இருக்காது. தலைவலி, தூக்கக் கலக்கம், அப்புறம் எழுந்திருக்காத தூக்கம். காசை விட இதுக்குத்தான் பயப்படணும்.

சரி, எப்படிப் பார்க்கிறது? எங்க தாத்தா மாட்டுச் சந்தைக்குப் போறப்போ சொல்வார்: தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்குற மாட்டுக்குப் பார்த்தே ஆகணும். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறது அப்புறம். முதல்ல பல்லு, சுழி, நடை.

காருக்குப் பல்லு காலை நேரம். முந்தின நாள் ராத்திரியே போன் பண்ணி, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லணும். போனதும் முதலில் பானெட்டில் கை. ஜில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா டீ குடிச்சுட்டு மரியாதையா திரும்பி வந்துடணும். ஜில்லுன்னு இருந்தா, கண்ணாடி இறக்கி, பாட்டை நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணிட்டுக் காதைக் கொடுக்கணும். வேகம் கூட்டும்போது கூடவே வேகமாகி, சூடானதும் மறையுற "டிக் டிக்" கேட்டா சந்தேகம் உறுதி. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேருற இடத்துல டார்ச் அடிச்சுப் பார்க்கணும், கரி கோடு இழுத்திருக்கும். ஸ்டட் எல்லாம் இருக்கான்னு எண்ணணும். அப்புறம் தெரிஞ்ச பட்டறையில லிஃப்டுல ஏத்தி, புகை விட்டுப் பார்க்கச் சொல்லணும். அதுக்கு ஆகிற காசுக்கு யோசிக்கிறவன் அந்தக் காரை வாங்கவே யோசிக்கணும்.

வாங்கினப்புறம் சட்டம் பார்த்துக்கும்னு நம்பிடாதீங்க. 1930-லிருந்து இருக்கிற பொருள் விற்பனைச் சட்டம் பெரும்பாலும் வாங்குறவன் கண்ணைத்தான் நம்புது. நேர்ல பார்த்து வாங்கினா, பார்த்த பார்வையில தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு அப்புறம் போய்க் கேட்கிறது கஷ்டம். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.கிட்ட அனுமதி வாங்கணும்னு விதி வந்திருக்கு. நல்லதுதான். அது வண்டி யார் பொறுப்பில் இருக்குன்னு கணக்கு வைக்கும், காலையில இஞ்சினைச் சூடாக்குறதைத் தடுக்காது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு நீங்க கேட்கலாம். ஒண்ணைச் சொல்லிடறேன். பத்த வச்ச மேனிஃபோல்டு மறுபடி விரிஞ்சப்போ, அதே தரகர் வந்தார். "கவலைப்படாதீங்க, சாத்தூர் பக்கம் ஒரு ஆள் கேட்கிறாரு. காலையில ஒரு மணி நேரம் ஓட்டி வையுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அன்னைக்கு ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். போட்ட காசு வந்துடும், பாரம் போயிடும். உண்மையைச் சொல்றேன், பாதி மனசு ஒத்துக்கிச்சு. காலையில சாவியை எடுத்துக்கிட்டுப் போய் சீட்டுல உட்கார்ந்தும் விட்டேன். சாத்தூர் பக்கமும் ஊருக்கு ஊர் பட்டாசு ஆலைதான். அந்த ஆள் எந்த வேலி ஓரமா போவாரோ, அவரை நிறுத்த வாட்ச்மேன் இருப்பாரோ இல்லையோ. இறங்கி வந்துட்டேன்.

பழைய வண்டியில விரிசல் இருக்கிறது குத்தமில்லை, மறைக்கிறதுதான் குத்தம் என்பது என் கட்சி.

ஞாயித்துக்கிழமை காலை ஆறேகாலுக்கு மறுபடியும் போன். அந்தக் கார் வீட்டு வாசல்லருந்து பேசுறான். "சித்தப்பா, பானெட் ஜில்லுன்னு இருக்கு. இருங்க, கேளுங்க" என்று போனை இஞ்சின்கிட்ட காட்டினான். விஸ்வநத்தத்தில் மாட்டுக்குத் தீவனம் வச்சுக்கிட்டே கேட்டேன். கர்ஜனைக்கு அடியில், சின்னதா, டிக் டிக் டிக்.

"அவர் என்ன சொல்றாரு?"

"நான் கேட்கிறதுக்கு முன்னாடியே அவரே சொல்லிட்டார் சித்தப்பா. 'சத்தம் வருதுல்ல, மேனிஃபோல்டு. போன மாசம் விலை கேட்டு வச்சிருக்கேன்'னு பட்டறை சீட்டைக் கையில கொடுத்துட்டார். அந்தத் தொகையைக் கழிச்சுக்கிறாராம். என்ன செய்ய?"

விரிசல் இல்லாத வண்டியைத் தேடினா அவன் இன்னும் ரெண்டு வருசம் தேடுவான். விரிசலை அவனாகவே காட்டுற ஆளைத் தேடினா அதைவிட அதிக நாள் ஆகும்.

"லிஃப்டுல ஏத்திப் பார்த்துட்டு வாங்கு. மேனிஃபோல்டு மாத்தாம கோயம்புத்தூரைத் தாண்டாதே. தீபாவளிக்கு அதுல வர்றதா இருந்தா, ஆலைப் பாதை வழியா வராதே, மெயின் ரோட்டுல வா" என்றேன்.

"சரி சித்தப்பா."

"அப்புறம், உங்கம்மாவுக்குப் பஸ் டிக்கெட் போட்டுடு."