வெல்டிங் வெளிச்சமும் சட்டம் காணாத கண்களும்

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என எங்கே திரும்பினாலும் ஒரு பக்கம் மெட்ரோ ரயில் பணி, மறுபக்கம் அடுக்குமாடிக் கட்டுமானம். கேட்டும் ஜன்னல் கிரில்லும் பல இடங்களில் தெருவோரமே வெல்டிங் செய்யப்படுகின்றன. வெல்டர் கையில் முகக்கவசம் இருக்கலாம். கம்பியைப் பிடித்து நிற்கும் உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மிஞ்சினால் ஒரு கூலிங் கிளாஸ். அது போதாது.

வெல்டிங் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். மூடாத கழுத்தும் கையும் வெயிலில் வெந்ததுபோல் சிவக்கும். கண்ணில் வலி உடனே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, வீட்டில் எல்லோரும் தூங்கும் வேளையில், மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். உடனே தாய்ப்பால், உருளைக்கிழங்குத் துண்டு என வைத்தியம் தொடங்கும். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும் புண்தான். ஆனால் கண்ணை மரக்கவைக்கும் சொட்டு மருந்தைத் தானாக வாங்கித் திரும்பத் திரும்ப விட்டால், புண் ஆறாமல் பார்வையே போகலாம். வலி எடுத்தால் கண் மருத்துவரிடம் போவதே சரி.

அதிக ஒளியில் வேலை செய்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தடுப்புத் திரை அல்லது தகுந்த கண்ணாடி தரவைக்க, 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு வழி வைத்தது. மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. மூன்று பேர் நடத்தும் கிரில் பட்டறை அன்றும் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை. அங்கே நிற்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே வேலைக்கு ஆள் பேசும்போதே உதவியாளருக்கும் கவசம் உண்டா, தெருப்பக்கம் மறைப்பு வைப்பீர்களா என்று வீட்டுக்காரர்களாகிய நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.